மார்லீனின் சொத்தைப்பல்

அடுத்தவள் வீட்டைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் உண்டு, அடுத்தவள் புருஷனைப் பார்த்து எரிகிறவர்கள் உண்டு. லொரெட்டா சைப்ஸுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வயிறு எரிந்தது, தன் சிநேகிதியின் சொத்தைப்பல்லைப் பார்த்து. சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

லொரெட்டாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒஹாயோ ஆற்றுக்கு இக்கரையில், இந்தியானா பக்கத்தில், மார்க்கெட் தெரு பியூட்டி பார்லரில் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கோடையில் கத்தரியைப் பிடித்தவள்தான், கீழே வைக்கவே இல்லை. வேலை என்றால் சம்பள வேலை இல்லை. கடைக்காரியிடம் நாற்காலியை வார வாடகைக்கு எடுத்து, வருகிற தலைகளை வெட்டி, சாயம் ஏற்றி, சுருட்டிவிட்டுப் பிழைக்கிற பிழைப்பு. புருஷன் ட்வைட் கூரை போடுகிறவன், அவனுக்கும் முதலாளி கிடையாது. எங்கள் ஊரில் முதலாளி இருக்கிறவனுக்குத்தான் பல் இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் லாரி தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் பெண்டாட்டிமார் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாய் நிறைய வெள்ளை வெளேர் என்று பல். அத்தனையும் கம்பெனி இன்ஷூரன்ஸ் கொடுத்த பல். லொரெட்டா அவர்கள் தலைக்கு மேலே நின்று, வாயை மூடிக்கொண்டு, அதே கண்ணாடியில் புன்னகை செய்வாள்.

வாயை ஏன் மூடிக்கொள்ள வேண்டும்? மேல் வரிசையில், இடது கோரைப்பல்லை அடுத்த பல் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. பிறகு எது பட்டாலும் கூசியது. இலையுதிர்காலம் முடிவதற்குள் எதுவும் படாமலேயே விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது.

ஊரில் இருந்த பல் டாக்டரிடம் போனாள். ரூட் கெனால் செய்து கேப் போட்டால் பல் பிழைக்கும் என்றார் அவர். டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். விலையைச் சொல்ல முன் மேசையில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க செல்லம், இந்த கார்டுல போட்டுடலாம். ஒரு வருஷம் வட்டியே கிடையாது," என்று அவள் ஒரு வழவழப்பான தாளை நகர்த்தினாள்.

"வருஷக் கடைசியில ஒரு டாலர் பாக்கி இருந்தா?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அப்போ முதல் நாள்ல இருந்து மொத்தத்துக்கும் வட்டி வரும்."

இதே மாதிரிக் கார்டில் ட்வைட் ஒருமுறை ஃபிரிட்ஜ் வாங்கினான். ஃபிரிட்ஜ் செத்துப்போய் குப்பைக்குப் போன பிறகும் அதற்குப் பணம் கட்டினார்கள். லொரெட்டா கையெழுத்துப் போடாமல் தாளைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"பிடுங்கிப் போட்டுட்டு வாயேன். எனக்குக் கீழ ரெண்டு இல்லை, நான் என்ன பட்டினியா கிடக்கறேன்?" என்றான் ட்வைட்.

"நீ கூரை மேல நிக்கறே. உன் பல்லை காக்காதான் பார்க்கும். நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கண்ணாடி முன்னால நிக்கறேன்டா, மடையா."

அது மட்டும் காரணமில்லை. லொரெட்டாவின் அம்மா சிரிக்கும்போதெல்லாம் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் இருக்கிற ஒரு படத்தில்கூட அந்த அம்மாளின் பல்லைப் பார்க்க முடியாது. இந்தக் கை எனக்கு வரக்கூடாது என்று லொரெட்டா சின்ன வயதிலேயே சபதம் போட்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் மார்லீன் யோசனை சொன்னாள். மார்லீன் கெஸிங்கர், பக்கத்து நாற்காலிக்காரி, பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி. அவளும் வாடகை நாற்காலிதான், அவளுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. ஆனால் அவளுக்கு எதுவும் கெட்டுப்போகாது. மழை பெய்தால் அவள் காருக்கு அந்தப் பக்கம்தான் பெய்யும். லொரெட்டா மூன்று தலை வெட்டி வாங்குகிற டிப்ஸை மார்லீன் ஒரே தலையில், கதை பேசியே வாங்கிவிடுவாள்.

"பாலத்தைத் தாண்டி லூயிவில்ல பல் டாக்டருக்குப் படிக்கிற காலேஜ் இருக்குல்ல? பசங்க பார்ப்பாங்க, வாத்தியாருங்க மேற்பார்வை. பாதி விலைதான். திங்கக்கிழமை கடை மூடியிருக்கு, வா போகலாம். நானும் சும்மா காட்டிட்டு வர்றேன்," என்றாள்.

போனார்கள். நீளமான கூடம், இடுப்பளவு தடுப்புகள், தடுப்புக்குத் தடுப்பு ஒரு நாற்காலி. இருவரையும் பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தவன் கோல்பி ராட்லிஃப் என்கிற கடைசி வருஷத்துப் பையன். கிழக்குக் கென்டக்கி மலையிலிருந்து வந்தவன். காது இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்கும், பேச்சு மட்டும் பூ மாதிரி. அவனுடைய வாத்தியாரம்மா டாக்டர் ஹேவர்ட்டி வந்து லொரெட்டாவின் படத்தைப் பார்த்தார்.

"ரூட் கெனால் வேணும். வெளியில ஆகறதுல பாதிதான் ஆகும், ஆனா முன்னாலயே கட்டணும். அதுக்குக் காத்திருக்கிறவங்க நிறைய. உங்க முறை வர்றதுக்கு அடுத்த இலையுதிர்காலம் ஆயிடும்."

"அதுவரைக்கும் வலிச்சா?"

"பிடுங்கறதுன்னா இன்னிக்கே முடியும்."

லொரெட்டா தலையை ஆட்டி மறுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தடுப்பில் ஒரே ஆரவாரம். மார்லீனுடைய எக்ஸ்ரே படத்தைச் சுற்றி ஆறேழு பையன்களும் பெண்களும் கூடிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி ஆளாளுக்கு எட்டிப் பார்க்கிறார்கள். "அடேங்கப்பா, என்ன அழகு!" என்கிறான் ஒருத்தன். "கோல்பிக்கு அதிர்ஷ்டத்தைப் பாரு!" என்கிறாள் இன்னொருத்தி.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பல் டாக்டர் உரிமம் வாங்க வேண்டுமென்றால், பரீட்சை நாளன்று உயிருள்ள ஒரு ஆளை உட்கார வைத்து, பரிசோதகர்கள் கண்முன்னால் சொத்தையை அடைத்துக் காட்ட வேண்டும். ஆளையும் மாணவன்தான் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்த ஆளுக்கு அடைப்பு இலவசம். ஏதோ ஒரு சொத்தை இருந்தால் போதாது. இரண்டு பல் உரசிக்கொள்கிற இடத்தில், ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல் ரொம்பச் சின்னதாகவும் இல்லாமல், யாரும் கை வைக்காத சொத்தையாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று வைத்திருக்கிற ஆள் கிடைத்தால் மாணவர்கள் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் மார்லீனுக்கு அப்படி ஒன்று இருந்தது. அவளுக்கு மட்டும்!

கோல்பி திரும்பி லொரெட்டாவிடம் வந்தான். "மேடம், உங்களுக்கும் கீழ வலப்பக்கம் கடைவாயில ஒரு சின்னது இருக்கு. இப்போதைக்கு அதுல யாரையும் கை வைக்க விடாதீங்க. நான் வாத்தியாரம்மாகிட்ட பேசிட்டு உங்களுக்கு ஃபோன் பண்றேன்."

"ம்," என்றாள் லொரெட்டா. நம்பரையும் கொடுத்தாள். ஆனால் அவள் காது முழுக்க அடுத்த தடுப்பில் இருந்தது. அங்கே மார்லீன், "அய்யோ, என் பல்லைப் பார்த்து இவ்வளவு பேரு ஆசைப்படறீங்களே, எனக்கு வெக்கமா இருக்கு," என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு மார்லீன் அடித்த கூத்து இருக்கிறதே, சொல்லி மாளாது. பரீட்சை ஏப்ரலில். அதுவரை மார்லீன் ஓடிப்போகாமல், மனசு மாறாமல், வேறெங்கும் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். கோல்பி அவளைத் தாங்கு தாங்கு என்று தாங்கினான். ஒருநாள் காபி வாங்கி வந்தான். ஒருநாள் பார்லரில் விழுந்து கிடந்த முடியைத் துடைப்பம் வாங்கிப் பெருக்கினான். போர்பன் விஸ்கி ஊற்றிய சாக்லேட் உருண்டை ஒரு பெட்டி கொண்டுவந்தான். மார்லீன் அதை எல்லா நாற்காலிக்கும் வினியோகம் செய்தாள். லொரெட்டா ஒன்றை வாயில் போட்டதும் பல் உச்சந்தலை வரை இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது வலியில் பாதி, எரிச்சலில் பாதி.

மார்லீனின் ஃபோன் அடிக்கும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசுவாள். "ஆமாண்டா கண்ணு, பல்லு நல்லா இருக்கு. இல்லை இல்லை, கடினமா எதையும் கடிக்கல. நீ சாப்பிட்டியா?"

"அந்தப் பையன் உன் பல்லை அடைக்கப் போறானா, இல்ல உன்னைக் கட்டிக்கப் போறானா?" என்றாள் லொரெட்டா.

"பொறாமைடீ உனக்கு."

"ஆமாம், பொறாமைதான். உன்னுது மாதிரி ஒரு ஓட்டைப் பல்லுக்குக் கொடுப்பினை வேணும். என்னுது அழுகினாலும் உபயோகமில்லாம அழுகுது."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள், மார்லீனும் சிரித்தாள். லொரெட்டாவும் சிரித்தாள். அப்போதுதான் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். சீப்பு பிடித்த கை தானாக எழுந்து வாய்க்கு முன்னால் நின்றது. அம்மாவின் கை.

கோல்பி அவளிடமும் ஒருமுறை வந்தான். "லொரெட்டா மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"எனக்கு ஆள் காத்திருக்காங்க தம்பி. உன் மகாராணி அங்க இருக்கா, போ," என்று சொல்லி முடி உலர்த்தியைப் போட்டாள். அந்த இரைச்சலில் அவன் வாய் அசைந்தது தெரிந்தது. பிறகு போய்விட்டான்.

மார்ச் மாதம் அவளுடைய ஃபோனுக்கே அவன் அழைப்பு வர ஆரம்பித்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் எரிந்து விழுந்தாள். "மார்லீன் எடுக்கலேன்னா என்னைக் கூப்பிடறான். நான் என்ன அவளுக்குத் தூது போறவளா?" எடுக்கவில்லை. செய்தி விட்டானா என்றால், லொரெட்டா ஃபோனின் குரல் செய்திப் பெட்டி என்றைக்கோ நிரம்பி வழிந்து, புதிதாக ஒன்றும் ஏற்காமல் கிடந்தது. மறுபடி அழைத்தான். மறுபடி எடுக்கவில்லை. எடுக்காமல் விடுவதில் ஒரு சுகம்கூட இருந்தது. அவனுக்கு எதையாவது மறுக்க அவளிடம் அது ஒன்றுதானே இருந்தது.

அந்த வாரம் தேவாலயத்தில் அறிவித்தார்கள். பக்கத்து மாவட்டத்துக் கண்காட்சி மைதானத்தில் சனிக்கிழமை இலவசப் பல் முகாம். எங்கிருந்தெல்லாமோ டாக்டர்கள் வருகிறார்கள், முந்தி வருகிறவர்களுக்கு முதலில், ஒரு ஆளுக்கு ஒரு பல். லொரெட்டா சனிக்கிழமை வாடிக்கையாளர்களை எல்லாம் தள்ளிப்போட்டாள். வாரத்தில் வருமானம் வருகிற நாளே அதுதான். விடிவதற்கு முன்னாலேயே போயும் மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வரிசை நின்றது. கார்களில் போர்வையைப் போர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மாட்டுப் போட்டி நடக்கிற கொட்டகையில்தான் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். எவன்ஸ்வில்லிலிருந்து வந்த ஒரு வயதான டாக்டரம்மா அவள் வாயைத் திறந்து பார்த்தார்.

"இந்த மேல் பல்லை நான் பிடுங்கத்தான் முடியும், கண்ணு. இங்க ரூட் கெனால் கிடையாது."

"வேண்டாம். பிடுங்காதீங்க."

"சரி. ஆனா இவ்வளவு நேரம் நின்னுட்டு வெறும் வாயோட போவானேன்? கீழ வலப்பக்கம் ஒரு சின்னது இருக்கு. அதை அடைச்சு விடறேன். கால்மணி நேர வேலை."

கோல்பி சொன்னது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்ததா? வந்தது. ஒரு ஓரத்தில் வந்தது. யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்று சொன்னானே என்று மனம் இழுத்தது. ஆனால் அதே மனம் உடனே சொன்னது: அவன் யாரு எனக்கு? அவளை மட்டும் தாங்குவான், நான் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கணுமா? மார்லீனுக்கு ஏப்ரலில்தான் இலவசம். எனக்கு இன்றைக்கே.

"அடைச்சுடுங்க," என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கம் மரத்துப்போன வாயோடு, மாதக் கணக்கில் இல்லாத சந்தோஷம். "எவ்வளவு ஆச்சு?" என்று ட்வைட் கேட்டான். "ஒரு சென்ட் கிடையாது!" என்றாள். "வலிக்கிற பல்லு?" என்று அவன் கேட்டபோது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கோல்பி பார்லருக்கு வந்தான். கையில் காபி இல்லை. முகம் சுண்டிப்போயிருந்தது. பின்னாலேயே மார்லீன் வந்தாள், கோபத்தில் சிவந்துபோய்.

"கேட்டியாடீ? என் சொத்தை போதாதாம்! நேத்து அந்த வாத்தியாரம்மா மறுபடி படம் எடுத்துப் பார்த்துட்டு, இது இன்னும் உள்ள போகல, பரிசோதகருங்க ஒத்துக்க மாட்டாங்கன்னுட்டாங்க. இத்தனை மாசம் பத்திரமா வெச்சிருந்தேன்!"

லொரெட்டாவுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. வெளியே, "அய்யோ பாவம்," என்றாள்.

கோல்பி நேராக அவள் நாற்காலிக்கு வந்தான். "லொரெட்டா மேடம், ரெண்டு வாரமா உங்களைக் கூப்பிடறேன். நாங்க எப்பவும் ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளா பார்த்து வெச்சுக்குவோம். உங்க கீழ்ப்பல்லுதான் ரெண்டாவது. இவங்களோடது தேறாதுன்னு சந்தேகம் வந்தப்பவே உங்களைத்தான் நம்பினேன். உங்களோடது அச்சு அசலா அவங்க கேக்கற அளவு. ஹேவர்ட்டி டாக்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டேன் மேடம். நீங்க பரீட்சைக்கு உட்கார்ந்தா அந்த மேல் பல்லுக்கு ரூட் கெனால், கேப், எல்லாம் காலேஜ் செலவு. வரிசை கிடையாது. அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம்."

கோல்பி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"அந்தப் பல்லுல ஒண்ணும் பண்ணிக்கலையே மேடம்?"

லொரெட்டா நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா அடைச்சிருக்காங்க," என்றான். பாவி, அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஏன்டீ ஃபோனை எடுக்கல?" என்றாள் மார்லீன்.

"உன்னைத் தேடறான்னு நினைச்சேன்."

"என்னைத் தேடறதுக்கு உனக்கு எதுக்குடீ ஃபோன் பண்ணணும்? எனக்கு ஃபோன் இல்லையா?"

லொரெட்டா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அதில் மார்லீனின் முகமும் தெரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, லொரெட்டாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை லொரெட்டாவுக்கு நன்றாகத் தெரியும். குளிர்காலம் முழுக்க அவள் சுமந்து திரிந்த முகம் அது. கடைசியில் வேண்டப்பட்ட பல் லொரெட்டாவுடையதுதான் என்பது மார்லீனுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து முதல் தடவையாக மார்லீன் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அது லொரெட்டாவுக்கு இனித்தது. கொஞ்ச நேரம் நன்றாகவே இனித்தது. அதற்குள் மேல் பல் ஒரு தெறிப்புத் தெறித்தது.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். அதற்கு முன்னால், ஊர் டாக்டரிடமிருந்து கொண்டுவந்த வழவழப்பான தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜை நினைத்துக்கொண்டு கிழித்துப் போட்டுவிட்டாள். பிடுங்கியவன் கோல்பிதான், வாத்தியாரம்மா பக்கத்தில் நின்றார். "வலிக்குதா மேடம்?" என்று அடிக்கடி கேட்டான். மார்லீன் காரில் கூட்டிப்போய், கூட்டிவந்து, வழியில் அவளுக்கு மில்க் ஷேக் வாங்கிக் கொடுத்தாள். அவள் கெட்டவள் ஒன்றும் இல்லை, அதிர்ஷ்டக்காரி, அவ்வளவுதான். கோல்பி மலைக்கு ஓடிப்போய் ஒரு அத்தையைப் பிடித்துக்கொண்டு வந்து பரீட்சையில் தேறிவிட்டான். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மைத் தலையை வைத்துத்தான் பரீட்சை என்கிறார்கள். மார்லீனின் சொத்தை மறுவருஷம் தேவையான ஆழத்துக்கு வந்தது. அப்போது கேட்பாரில்லை, காசு கொடுத்து அடைத்துக்கொண்டாள்.

லொரெட்டா இன்றும் அதே நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். யாராவது நல்ல ஜோக் சொன்னால் சீப்புக் கை வாய்க்குப் போய்விடுகிறது, தடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். எல்லோரும் நினைப்பது மாதிரி அவள் நாக்கு மேலே இருக்கிற ஓட்டையைத் தேடிப் போவதில்லை. கீழே, வலப்பக்கம், கடைவாய்க்குத்தான் போகிறது. அந்தப் பல் கல் மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. அதைத் தடவும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிகிறது, ஃபோன் அடித்தபோது எடுத்துப் பேசியிருக்கக்கூடிய அந்த லொரெட்டாவை நினைத்து.